பதில் சொன்னது அக்கா

என் அக்கா மகள் பெரியவளானபோது அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. காங்கயத்துக்குப் பக்கத்தில் ஊர். தாய்மாமன் சீர் என்று தட்டுகளோடு நான் போய் இறங்கியபோது பந்தலில் ஒறம்பரை நிறைந்திருந்தது. உள்ளறையில் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. அடுப்படியில் என் அம்மா கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டி முடித்து, பேத்திக்கு முதல் உருண்டையை ஊட்டக் கதவுக்கு முன்னால் காத்து நின்றாள். அந்த உருண்டை வரும் என்று கணக்குப் போட்டு அக்கா மூன்று யூனிட் கூட்டிப் போட்டிருந்தாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அன்றைக்கு எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. "அம்மிணி பெரிய மனுசி ஆயிட்டா."

அடுத்த மாதம் கோவையில் டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊசி போடற கண்ணு?" பதில் சொன்னது அக்கா. "நாலு வேளையும் தவறாமப் போட்டுடறமுங்க." ராத்திரி சர்க்கரை இறங்குகிறதா என்று கேட்டார். அதற்கும் அக்கா. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் யார் போடுகிறார்கள் என்று கேட்டார். அக்கா. நான்காவது கேள்விக்கு டாக்டரே நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிக்கொண்டார். பெரிய மனுசி சுவரில் மாட்டியிருந்த கணையப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இவளுக்கு இருப்பது டைப் 1. நம் வீடுகளில் அப்பனுக்கும் மாமனுக்கும் நாற்பதைத் தாண்டி வருகிறதே, அது வேறு. இதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வந்ததில்லை, பெற்றவர்கள் செய்த தப்பும் இல்லை. மாத்திரை உதவாது. உயிரோடு இருக்கும்வரை வெளியிலிருந்து இன்சுலின் போக வேண்டும். "சக்கரைன்னா வயசானவங்களுக்குத்தான வரும்?" என்று என் அம்மா இன்றைக்கும் கேட்கிறாள். இந்தியாவில் இருபது வயதுக்கு உட்பட்ட டைப் 1 பிள்ளைகள் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் மதிப்பீடு. உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை.

பெரியவளாவது என்பதற்கு இந்த நோயில் இன்னொரு அர்த்தம் இருக்கிறது. பருவம் வரும்போது சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் பாலின ஹார்மோன்களும் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்கின்றன. எடையில் கிலோவுக்கு முக்கால் யூனிட்டில் அடங்கியிருந்த உடம்பு ஒன்றரை யூனிட் வரை கேட்கிறது. மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் காரணமே இல்லாமல் சர்க்கரை ஏறும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்து வருடம் நடந்து 1993இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும் என்று நிறுவியது அதுதான். மருத்துவர்களும் செவிலியர்களும் ஓயாமல் கண்காணித்த அந்த ஆய்விலும், 13 முதல் 17 வயது வரை இருந்தவர்களின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பெரியவர்களுடையதைவிட ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளி அதிகமாகவே நின்றது. எந்த வயதில் 'இனிமே நீயே பாத்துக்க' என்று நாம் சொல்லத் தொடங்குகிறோமோ, அந்த வயதில்தான் உடம்பு யார் சொல்லையும் கேட்பதில்லை.

இது தெரியாமல் நாங்கள் ஒரு வருடம் அவளைப் படுத்தி எடுத்தோம். மீட்டரில் 240 வந்தால் அக்காவின் முதல் கேள்வி "என்னத்தத் தின்ன?" மாமனாகிய நானும் அதையேதான் கேட்டேன். தீபாவளிக்குக் கேட்டேன், பொங்கல் நோம்பிக்குக் கேட்டேன், பேச்சுக்குப் பேச்சு கேட்டேன். கொஞ்ச நாளில், அவள் சர்க்கரை அளவு எழுதும் நோட்டில் அருமையான எண்கள் வரத் தொடங்கின. 110, 124, 118. அக்காவுக்குப் பெருமை. ஒரு மாதத்து எண்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தன. நிஜமாகக் குத்திப் பார்த்து எழுதுகிறவர்களின் நோட்டில் எங்காவது ஒரு ரத்தப் பொட்டு இருக்கும். இவள் நோட்டு கலியாணப் பத்திரிகை மாதிரி சுத்தமாக இருந்தது. டாக்டர் நோட்டை மூடி வைத்துவிட்டு மீட்டரை வாங்கி அதன் நினைவில் இருந்த பழைய எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினோரு நாளாக அது எதையும் அளக்கவில்லை. திரும்பி வரும்போது சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் அக்கா அவளை அறைந்தாள்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துப் பள்ளிகளை பிராய்லர் பள்ளி என்று கேலி செய்துகொண்டே பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற நாடு நம்முடையது. எண் என்றால் நமக்கு மார்க். 240 என்பது ஒரு தகவல், அதைப் பார்த்து அடுத்த வேளை மருந்தை மாற்றலாம் என்பது நம் மண்டையில் ஏறுவதில்லை. ஃபெயில் ஆன பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்கிறோம். மார்க் சீட்டைத் திருத்துகிற பிள்ளை எதற்குத் திருத்துகிறதோ அதற்குத்தான் இவளும் நோட்டை எழுதினாள்.

அந்த அறைக்குப் பிறகு இன்னொன்றும் வெளிவந்தது. ஊசியை அவளே போட்டுக்கொள்ளத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. வலிக்காத இடமாகப் பார்த்து, தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரே இடத்தில் போட்டுவந்திருக்கிறாள். அங்கே கொழுப்பு திரண்டு கட்டியாகியிருந்தது. கட்டிக்குள் போகிற இன்சுலின் ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. அக்கா போட்டவரை கை, தொடை, வயிறு என்று மாற்றி மாற்றிப் போட்டாள். ஊசியைக் கொடுத்தவள் அந்தச் சுற்றைக் கொடுக்க மறந்துவிட்டாள். கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. எங்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அவளோடு கால் மணி நேரம் தனியாகப் பேசிய ஒரு நர்ஸ். அவளிடம் நேராகக் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்த முதல் ஆள் அவர்தான். நோய் வந்து ஆறாவது வருடம்.

வசதி உள்ள வீட்டுப் பெண்ணுக்கே இப்படி. அரசு மருத்துவமனையை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறுவது ஒரே நாளில் நடந்துவிடுகிறது. பல இடங்களில் 12 வயது முடிந்தால் குழந்தைகள் பிரிவு முடிந்தது. 13 வயதுப் பையன் பொது மருத்துவத்தின் வரிசையில், அறுபது வயதுச் சர்க்கரைக்காரர்களுக்கு நடுவில் நிற்கிறான். முன்னால் நிற்பவருக்குக் கால் விரல் எடுத்திருக்கிறார்கள். பின்னால் நிற்பவர் டயாலிசிஸ் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஆரம்பத்திலிருந்து பார்த்த டாக்டர் இல்லை, பழைய நர்ஸ் அக்கா இல்லை. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2016இல் ஒரு நெறிமுறை வெளியிட்டது. நாள்பட்ட நோயுள்ள பிள்ளையிடம் பெரியவர்கள் பிரிவுக்கு மாறுவதைப் பற்றி 13, 14 வயதிலேயே பேசத் தொடங்க வேண்டும், மாறுவதற்கு முன்னும் பின்னும் அந்தப் பிள்ளைக்கென்று பெயர் சொல்லக்கூடிய ஒரு ஆள் இருக்க வேண்டும் என்கிறது அது. அங்கே பேச்சு தொடங்கும் வயதில் இங்கே சீட்டு மாறிவிடுகிறது.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் வந்தது. சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கு வருவது சின்ன விஷயமில்லை. ஆனால் நடுவயதைத் தாண்டியவர்களை மனதில் வைத்து வரைந்த திட்டம் அது. கோவையில் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் கிருஷ்ணன் சுவாமிநாதன் தொடங்கிய இதயங்கள் அறக்கட்டளை, வசதியற்ற வீட்டு டைப் 1 பிள்ளைகளுக்கு இன்சுலினும் மீட்டரும் ஸ்டிரிப்பும் இலவசமாகக் கொடுக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு தடவை குத்திப் பார்த்தால் மாதத்துக்கு 120 ஸ்டிரிப். அதை வாங்க முடியாத வீட்டில், பிள்ளைக்குப் பொறுப்பு இல்லை என்று யாரும் பேசக் கூடாது.

பதினொன்றாம் வகுப்புக்கு அவளை ராசிபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். வேண்டாம் என்று நான் சொன்னேன், என் பேச்சு எடுபடவில்லை. இன்சுலின் குப்பியை வார்டன் தன் அறைக் குளிர்பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டார். அவள் போடும் வகை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் உள்ளே போக வேண்டும். மெஸ் மணி ஏழரைக்கு. ஏழு மணிக்கு வார்டன் அறை பூட்டியிருந்தால் அன்றைக்கு மருந்து சாப்பாட்டுக்குப் பிறகு, இல்லாவிட்டால் இல்லை. இரண்டு மாதத்தில் நான்கு கிலோ இளைத்தாள்.

தீர்வு சொன்னது என் அம்மா. உளுந்தங்களி கிண்டிய அதே அம்மா. ஒரு மண்சட்டிக்குள் மணலை ஈரப்படுத்திப் போட்டு, அதற்குள் சின்னச் சட்டி ஒன்றை வைத்து, மேலே ஈரத்துணி மூடிக் கொடுத்தாள். தயிர் புளிக்காமல் இருக்க அவள் காலத்தில் செய்தது. குளிர்பெட்டி இல்லாத வீடுகளுக்கு டாக்டர்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. திறந்த குப்பி, சூடு ஏறாத இடத்தில் நான்கு வாரம் கெடாது. ஆனால் கரூர் பரமத்தி 40 டிகிரியைத் தாண்டுகிற சித்திரையில் சூடு ஏறாத இடத்துக்கு எங்கே போவது? சட்டி விடுதியில் பேத்தியின் கட்டிலடிக்குப் போனது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது அவள் வேலை. அவள் மருந்து அவள் கையெட்டும் இடத்தில் இருந்தது அப்போதுதான் முதல் தடவை.

அந்த வருடம் நடந்த ஒன்றை அவள் இரண்டு வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். சிரிஞ்சு தீர்ந்து, பள்ளிக்கு எதிரில் இருந்த மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் ஆரஞ்சு மூடி போட்டதைக் கொடுத்தார். அவள் குப்பியோ ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி 100 யூனிட் குப்பிக்கானது. 40 யூனிட் குப்பிக்கு அதைப் போட்டுப் பத்து என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது நான்கு யூனிட்தான். "எல்லாம் ஒண்ணுதாம்மா, எடுத்துட்டுப் போ" என்றிருக்கிறார். ஒண்ணு இல்லைங்க என்று சொல்லி, கடையில் ஐந்து பேர் பார்க்க, குப்பியின் மேல் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டிச் சிவப்பு மூடியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அப்போது வயது பதினாறு. ஊரைக் கூட்டிப் பந்தல் போட்டு நாங்கள் கொண்டாடியது பெரியவளான நாளாக இருக்கலாம். நான் எடுத்துக்கொள்வது இந்த மருந்துக் கடை நாளை.

அக்காவைக் குற்றவாளியாக்கி எழுதுகிறேனோ என்று தோன்றுகிறது. நாள் ஒன்றுக்கு நான்கு என்றால் மகள் தானே போட்டுக்கொள்ளும்வரை அவள் கையால் போட்டது ஏழாயிரத்துக்கு மேல். விடியக் காலம் மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்குகிற பிள்ளையின் விரலைக் குத்திப் பார்ப்பாள். எழுபதுக்குக் கீழே போயிருந்தால் தூக்கத்திலேயே குளுக்கோஸ் தண்ணீர் புகட்டுவாள். கடலை மிட்டாய் அவசரத்துக்கு ஆகாது, கடலையில் இருக்கும் எண்ணெய் சர்க்கரையை மெதுவாக்கிவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். மகள் விடுதிக்குப் போன பிறகும் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும் என்பாள். அவளையும் யாரும் தயார் செய்யவில்லை. பிள்ளைக்கு எப்படிப் போடுவது என்று சொல்லித்தர ஆள் இருந்தார்கள். எப்படி விடுவது என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. ஊசியை விட்டுக்கொடுப்பது சுலபம், அது இரண்டு பேருக்கும் வலி. பேச்சை விட்டுக்கொடுப்பதுதான் கடைசி வரை நடப்பதில்லை.

இன்சுலின் முதன்முதலில் ஏறியதும் ஒரு பதினாலு வயதுப் பையன் உடம்பில்தான். டொராண்டோவில் 1922 ஜனவரி 11 அன்று, லியோனார்ட் தாம்சன். அதே வருடம் ஆகஸ்டில் அங்கே வந்து சேர்ந்தாள் எலிசபெத் ஹியூஸ். அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். வயது பதினைந்து, எடை இருபது கிலோ. மருந்து இல்லாத காலத்தில் பட்டினி ஒன்றே வைத்தியம் என்று மூன்று வருடம் காயப்போட்ட உடம்பு. அம்மா ஊரில் இருக்க, ஒரு நர்ஸ் துணையோடு டொராண்டோவில் தங்கி, தானே ஊசி போடக் கற்றுக்கொண்டு அம்மாவுக்குக் கடிதங்கள் எழுதினாள். அந்தக் கடிதங்களில் பேசியது அவள்தான். பிறகு 1981 வரை வாழ்ந்தாள். கல்யாணம், மூன்று பிள்ளைகள், நாற்பதாயிரத்துக்கு மேல் ஊசிகள். ஆனால் தனக்கு இந்த நோய் இருப்பதை வெளியுலகத்துக்குச் சொல்லாமலே வாழ்ந்தாள். தகப்பனாரின் ஆவணங்களிலிருந்தும் தன் நோயைப் பற்றிய தடயங்களை அகற்ற வைத்தாள்.

அதைப் படித்தபோது எனக்கு அந்த உள்ளறைக் கதவு நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் இன்னும் அது சாத்தித்தான் இருக்கிறது. "ஒரு நல்ல எடம் அமையற வரைக்கும் வெளிய தெரிய வேண்டாம்" என்பது அக்காவின் கட்சி. வலிப்பு நோயைத் திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணங்களிலிருந்து 1999இல் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. ஜாதகம் கொண்டுவருகிற தரகர்கள் இன்னும் எடுக்கவில்லை, சர்க்கரைக்கும் அதே கதிதான். இதில் மானக் கணக்கு மட்டும் பார்க்கிறோம், மருத்துவக் கணக்கைப் பார்ப்பதில்லை. பேருந்தில் தலை சுற்றினால் பையைத் திறந்து விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருக்கிறாள் என்று பையைத் திறக்காதவள் எதை வைத்துத் தன்னைப் பார்த்துக்கொள்வாள்? உடம்பு இளைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே ஊசியைத் தவறவிடுகிற பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதை அம்மா முன்னால் டாக்டரிடம் எந்தப் பெண் சொல்லும்?

பையன்கள் கதை வேறு. பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவனுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை ஆகும். சாப்பாட்டு நேரம் சூப்பர்வைசர் கையில். அவனுக்கு யாரும் கால் மணி நேரம் ஒதுக்கிப் பேசியிருக்க மாட்டார்கள்.

அப்படிப் பேச ஆள் இருக்கிற இடமும் உண்டு. மேட்டுப்பாளையத்துக்கு மேலே, நீலகிரியில், வேறொரு நோய். அங்குள்ள பழங்குடிகளிடம் அரிவாள் செல் ரத்தம் இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952இல் எழுதினார்கள். இந்தியாவில் அது முதலில் தெரியவந்தது அப்படித்தான். கூடலூரில் 1990இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில் நர்ஸுகளும் ஊர் ஊராகப் போகும் சுகாதாரப் பணியாளர்களும் பெரும்பாலும் அந்தச் சமூகத்துப் பெண்களே. வலி வந்து படுத்திருக்கும் பிள்ளையிடம் அதன் பேச்சிலேயே கேட்க ஒரு ஆள் இருக்கிறார். பெரிய மருத்துவமனைகள் அங்கே போய்க் கற்றுக்கொள்ள வேண்டியது இது. அந்த நோய்க்குச் சட்டத்திலும் இடம் கிடைத்தது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 குறைபாட்டு வகைகளில் அரிவாள் செல் நோயையும் தலசீமியாவையும் ஹீமோஃபீலியாவையும் சேர்த்தது. டைப் 1 அந்தப் பட்டியலில் இல்லை. சிபிஎஸ்இ 2017இல் டைப் 1 மாணவர்கள் பொதுத் தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்தது. என் அக்கா மகள் படித்தது அந்தப் பாடத்திட்டம் இல்லை. இரண்டு குளுக்கோஸ் பொட்டலத்துக்காக ஹால் மேற்பார்வையாளரிடம் ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனியாகப் பேசினாள். பேசியது அவளே.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது. கோவையில் கல்லூரி, விடுதியில் குளிர்பெட்டி இருக்கிறது. மண்சட்டியில் ஏதோ செடி வைத்திருக்கிறாள். டாக்டரிடம் தனியாகப் போகிறாள். போன தடவை நான் அந்தப் பக்கம் வேலையாக இருந்ததால் காத்திருப்பு அறை வரை போய் உட்கார்ந்தேன். அக்கா போனில் இரண்டு தடவை கூப்பிட்டு, உள்ளே போ, என்ன சொல்றாருன்னு கேளு என்றாள். போகவில்லை. அவள் வெளியே வர இருபது நிமிடம் ஆயிற்று. என்ன சொன்னார் என்று கேட்டேன். ராத்திரி மருந்தை இரண்டு யூனிட் குறைக்கலாமா என்று தான் கேட்டதாகவும், டாக்டர் ஒன்று குறைத்துப் பார்க்கச் சொன்னதாகவும் சொன்னாள்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் கோப்பில் பத்து வருடத்துக்கு முன்னால் எழுதிய தொலைபேசி எண்தான் இன்னும் இருக்கிறது. மாற்றச் சொல்லி அவள் இரண்டு தடவை கவுண்டரில் கேட்டிருக்கிறாள். போன மாதம் எடுத்த மூன்று மாதச் சோதனையின் முடிவும் அக்கா போனுக்குத்தான் வந்தது. பார்க்காமலே மகளுக்கு அனுப்பிவிட்டதாக அக்கா சொல்கிறாள். நான் நம்பவில்லை.